உங்களைப் பற்றி ஒரு பைல் இருக்கிறது, படித்தீர்களா?

அக்கம்பக்கத்தில் யார் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாலும், "தம்பி, கொஞ்சம் வந்து பார்த்துட்டுப் போப்பா" என்று என்னைக் கூப்பிடுவது வழக்கம். டெஸ்க்டாப்பில் பிள்ளைகளின் போட்டோவை வைத்துத் தரச் சொல்வார்கள். தமிழில் டைப் செய்ய வழி கேட்பார்கள். பிரிண்டரை இணைத்துத் தரச் சொல்வார்கள். எல்லாம் முடிந்து காபி குடிக்கும்போது நான் ஒரு கேள்வி கேட்பேன். "அண்ணா, இதை ரொக்கமா வாங்கினீங்களா, இஎம்ஐயா?" எங்கள் ஓசூரில் இதற்குப் பெரும்பாலும் எனக்குக் கிடைக்கும் பதில், இஎம்ஐதான்.

கடையில் அந்த இஎம்ஐ பாரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று இரண்டு காரியங்கள் நடக்கின்றன. கம்ப்யூட்டர் உங்கள் வீட்டுக்கு வருகிறது. கூடவே, உங்கள் பெயரில் வேறொரு கம்ப்யூட்டரில் ஒரு பைல் திறக்கப்படுகிறது. ஏற்கனவே பைல் இருந்தால் அதில் ஒரு வரி கூடுகிறது. அடுத்து நீங்கள் பைக் கடன், வீட்டுக் கடன், கிரெடிட் கார்ட் என்று எதற்குப் போனாலும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முதலில் படிப்பது அந்தப் பைலைத்தான். ஆனால் பைலுக்குச் சொந்தக்காரரான நாம் அதைப் படித்திருக்க மாட்டோம்.

என் கருத்து இதுதான். வீட்டில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்துவிட்டால், முதல் மாதத்திலேயே அந்தப் பைலை டவுன்லோட் செய்து வரி வரியாகப் படியுங்கள். ஸ்கோர் 700ஆ, 750ஆ என்று கவலைப்படுவது அப்புறம் இருக்கட்டும். உள்ளே எழுதியிருப்பது உண்மையா, உங்களுடையதுதானா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

சிபில் என்பது என்ன?

எந்தக் கம்பெனி மெஷினில் எடுத்தாலும் "ஜெராக்ஸ்" என்கிறோம் அல்லவா? "சிபில்" என்பதும் அப்படித்தான். அது ஒரு நிறுவனத்தின் பெயர். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று ட்ரான்ஸ்யூனியன் சிபில் என்று பெயர். இதுபோல எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், சிஆர்ஐஎப் ஹைமார்க் என்று இன்னும் 3 நிறுவனங்கள் இருக்கின்றன. 2005ல் இயற்றப்பட்ட கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இவை இயங்குகின்றன.

இவர்களுக்கு நாம் எதையும் கொடுப்பதில்லை. வங்கிகளும் பைனான்ஸ் நிறுவனங்களும்தான் தங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் தவணையைக் கட்டினாரா இல்லையா என்ற விவரத்தை அனுப்புகின்றன. முன்பு மாதம் ஒருமுறை அனுப்பினார்கள். 2025 ஜனவரி 1 முதல் மாதத்துக்கு 2 முறையாவது அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி செய்தது. அந்த விவரங்களின் தொகுப்புதான் கிரெடிட் ரிப்போர்ட். அதை ஒரு பார்முலாவில் போட்டு 300 முதல் 900க்குள் ஒரு எண்ணாகத் தருவதுதான் ஸ்கோர். பிள்ளையின் மார்க் ஷீட்டுக்கும் மொத்த மார்க்குக்கும் உள்ள வித்தியாசம்தான் இரண்டுக்கும். மொத்த மார்க் குறைந்தால் எந்தப் பாடத்தில் குறைந்தது என்று மார்க் ஷீட்டைத்தானே பார்ப்போம்?

ஒரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். உங்கள் சேமிப்புக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதோ, வீட்டில் எத்தனை பவுன் நகை இருக்கிறது என்பதோ ஸ்கோரில் சேராது. சம்பளம் 1 லட்சம் வாங்குபவரின் ஸ்கோர் 600 ஆக இருக்கலாம். 18,000 வாங்குபவரின் ஸ்கோர் 780 ஆக இருக்கலாம். வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் கட்டினீர்களா என்பதே முக்கியமான கேள்வி.

இதுவரை கடனே வாங்காதவருக்கு ஸ்கோர் இருக்காது. அது குற்றம் அல்ல. முதன்முறை கடன் கேட்பவரை, முன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு அறிவுறுத்தப்பட்டிருப்பதாகவும், இத்தனை ஸ்கோர் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எந்த அளவும் நிர்ணயிக்கவில்லை என்றும் 2025 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. "750 இல்லையா, கிளம்புங்கள்" என்று யாராவது சொன்னால், அது அந்த நிறுவனம் தனக்குத்தானே வைத்துக்கொண்ட கணக்கு. வேறு வங்கியில் கேட்கலாம்.

எல்லை ஊரின் தொல்லை

ஓசூரில் சிப்காட் வந்தது 1970களில். இன்று மூக்கண்டப்பள்ளி, பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு, சூளகிரி, கெலமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஷிப்ட் பஸ்கள்தான். அத்திப்பள்ளி வந்துவிட்டால் கர்நாடகம். பொம்மசந்திராவும் எலக்ட்ரானிக் சிட்டியும் தினசரி போய்வரும் தூரம். ஒரே வீட்டில் கணவருக்கு அந்தப் பக்கம் வேலை, மனைவிக்கு இந்தப் பக்கம் வேலை. காண்ட்ராக்ட் முடிந்ததும் அடுத்த கம்பெனி. இந்த வாழ்க்கை முறைக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டுக்கும் பல இடங்களில் உரசல் வருகிறது.

முதலாவது, சம்பளக் கணக்கு. கம்பெனி மாறினால் புது வங்கியில் புதுக் கணக்கு. ஆனால் இஎம்ஐ பிடிக்கப் பழைய கணக்கில்தான் கையெழுத்துப் போட்டிருப்போம். அந்தக் கணக்கில் பணம் போடாமல் விட்டால் தவணை பவுன்ஸ் ஆகும்.

இரண்டாவது, தேதி. பல கடன்களில் தவணை 2ஆம் தேதியோ 5ஆம் தேதியோ பிடிக்கப்படுகிறது. சம்பளம் 7ஆம் தேதிக்கோ அதற்கு மேலோ வந்தால் என்ன செய்வது? கையில் வேலை இருந்தும், கடனைக் கட்டும் எண்ணம் இருந்தும், ஐந்து நாள் வித்தியாசத்தில் பவுன்ஸ்.

மூன்றாவது, போன் நம்பரும் முகவரியும். அந்தப் பக்கம் ஒரு சிம், இந்தப் பக்கம் ஒரு சிம். வாடகை வீடு மாறும். வங்கியின் எச்சரிக்கை எஸ்எம்எஸ் எல்லாம் நாம் எப்போதோ தூக்கிப் போட்ட சிம்முக்குப் போய்க்கொண்டிருக்கும்.

நான்காவது, பெயர். நம் ஊர்ப் பெயருக்கு முன்னால் இனிஷியல்தான். பான் கார்டில் அது அப்பா பெயராக விரியும். ஆதாரில் பெயருக்குப் பின்னால் போகும். வாக்காளர் அட்டையில் வேறு ஸ்பெல்லிங். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் இந்த ஊரில் வெங்கடேஷ், மஞ்சுநாத், முனிராஜ் என்ற பெயர்களை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, பான், போன் நம்பர், முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் எந்தக் கடன் யாருடையது என்று சேர்க்கிறார்கள். இவற்றில் ஒன்றிரண்டு தப்பாகப் பதிவானால் ஒருவரின் கடன் இன்னொருவர் பைலில் போய் உட்கார்ந்துவிடும்.

என் பைலில் இருந்த இரண்டு கறைகள்

இன்ஜினியரிங் முடித்து வேலையில் சேர்ந்த மறு வருடம், வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். 12 மாதத் தவணை, மாதம் 3,400 ரூபாய். எட்டாவது மாதத்தில் கம்பெனி மாறினேன். புதுச் சம்பளக் கணக்கு வந்தது. பழைய கணக்கிலிருந்த பணத்தை மொத்தமாக எடுத்துவிட்டேன். பழைய கர்நாடக சிம்மையும் விட்டுவிட்டேன். தவணை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. சாப்ட்வேர் எழுதும் வேலை பார்ப்பவனின் லட்சணம் இது!

இரண்டு மாதம் கழித்து வசூலுக்கு ஆள் வந்தார். நான் ஆபீசில் இருந்தேன். வீட்டில் அப்பா மட்டும். முப்பது வருடம் பாக்டரியில் வேலை பார்த்து, யாரிடமும் கைமாற்று வாங்காதவர். தெருவில் நாலு பேர் பார்க்க, "உங்க பையன் கட்டலை" என்று கேட்க வேண்டியதாகிவிட்டது. அன்று மாலையே அபராதத்தோடு கட்டினேன். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டரை வருடம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போனபோது, மேனேஜர் மானிட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த இரண்டு மாதமும் அப்படியே இருந்தன. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, நான் வாங்காத ஒரு பைக் கடன். அதில் நான்கு தவணை பாக்கி! என் பெயரும் இனிஷியலும் கொண்ட வேறு யாரோ ஒருவருடையது.

பைக் கடன் என்னுடையதல்ல என்று புகார் செய்தேன். 26 நாளில் நீக்கினார்கள். கம்ப்யூட்டர் கடனின் இரண்டு மாதம் நீங்கவில்லை. நீங்கவும் கூடாது, அது உண்மை. வீட்டுக் கடன் கிடைத்தது, ஆனால் வட்டி கால் சதவீதம் கூடுதலாக. முன்பே ஒருமுறை பைலைப் படித்திருந்தால், பைக் விஷயத்தை அப்போதே சரிசெய்திருப்பேன். மேனேஜர் முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டி வந்திருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

வட்டியில் சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றலாம். உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் இருக்கும். ஒரு செல்லில் சமக்குறி போட்டு, ஆங்கிலத்தில் பி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் 8.5%/12, 240, -2000000 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். 20 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் வரும் மாதத் தவணை கிடைக்கும்: சுமார் 17,356 ரூபாய். இப்போது 8.5 என்பதை 9.5 ஆக மாற்றுங்கள். 18,643 ரூபாய். மாதம் 1,287 ரூபாய் அதிகம். 240 மாதத்துக்குப் பெருக்கினால் 3 லட்சத்துக்கு மேல் வருகிறது.

வட்டியோடு போவதும் இல்லை. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், அவருடைய கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. கடன்களை அடைத்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். தவணை தவறிய வரலாறு இருக்கக் கூடாது என்ற நிபந்தனை வேலை அறிவிப்பிலேயே இருந்தது என்று சொல்லி, 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செல்லும் என்றது. வங்கி வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். கல்விக் கடன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஆறுதல்: ஸ்கோர் குறைவு என்பதற்காக மாணவருக்குக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023ல் கூறியது.

வீட்டிலிருந்தே எடுப்பது எப்படி?

2017 ஜனவரி முதல், ஒவ்வொரு நிறுவனமும் ஒரு காலண்டர் வருடத்தில் ஒருமுறை உங்கள் முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 4 நிறுவனங்கள் இருப்பதால் வருடத்துக்கு 4 ரிப்போர்ட் இலவசம்.

பிரவுசரைத் திறந்து முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். சிபிலுக்கு, சிபில் டாட் காம். தேடுதளத்தில் "ப்ரீ சிபில்" என்று தேடி, மேலே வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்ய வேண்டாம். அங்கே உங்கள் பான் நம்பரையும் போன் நம்பரையும் கொடுத்தால், மறுநாளிலிருந்து கடன் வேண்டுமா என்று போன் வந்துகொண்டே இருக்கலாம்.

தளத்தில் மாதக் கட்டணம், வருடக் கட்டணம் என்ற திட்டங்கள் கண்ணில் படலாம். அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். இலவச ரிப்போர்ட்டுக்கான லிங்க் தளத்தில் இருக்கும். தேடிக் கிளிக் செய்யுங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் பான் கார்டில் உள்ளபடியே கொடுங்கள். போனுக்கு வரும் ஓடிபி எண்ணை நீங்களே டைப் செய்யுங்கள், யாருக்கும் சொல்லாதீர்கள்.

பிரவுசிங் சென்டரில் இதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ரிப்போர்ட்டில் உங்கள் பிறந்த தேதி, பான், போன், முகவரி, கடன் கணக்குகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். டவுன்லோட் ஆன பைல் அந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டால் அடுத்து வருபவர் திறக்கலாம். வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டர் வாங்கியதன் பலனே இதுபோன்ற வேலைகளுக்குத்தான். கிடைக்கும் பிடிஎப் பைலைத் தனி போல்டரில் தேதியோடு பெயர் கொடுத்து சேவ் செய்திடுங்கள். உங்கள் விண்டோஸ் அக்கவுண்டுக்குப் பாஸ்வேர்ட் இருக்கட்டும்.

நம் ரிப்போர்ட்டை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையும் என்று ஒரு வதந்தி உண்டு. குறையாது. கடன் கேட்டு நாம் விண்ணப்பித்து, அதற்காக வங்கி பார்ப்பதுதான் கணக்கில் சேரும். ஒரே வாரத்தில் ஐந்து இடங்களில் விண்ணப்பித்தால் "இவருக்கு ஏதோ பணமுடை" என்று பைல் காட்டிக்கொடுக்கும்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் பெயர், பான், பிறந்த தேதி. பிறகு முகவரிகளும் போன் நம்பர்களும். நீங்கள் குடியிருக்காத ஊர் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து கணக்குகளின் பட்டியல். ஒவ்வொன்றும் உங்களுடையதா? நீங்கள் ஜாமீன் போட்ட கடனும் இதில் வரலாம். நண்பருக்காகக் கையெழுத்துப் போட்டு மறந்திருப்பீர்கள், பைல் மறக்காது. மகனின் கல்விக் கடனில் அப்பாவும் சேர்ந்து கையெழுத்திட்டிருந்தால், அது அப்பாவின் பைலிலும் இருக்கும். கடையில் "வட்டி இல்லாத் தவணை" என்று கொடுப்பதும், ஆன்லைனில் "இப்போது வாங்கி அப்புறம் கட்டுங்கள்" என்பதில் பெரும்பாலானவையும் கடன்தான்.

முடிந்த கடன், முடிந்தது என்று இருக்கிறதா? கடைசித் தவணை கட்டியதும் பாக்கியில்லாச் சான்று வாங்கி, ஸ்கேன் செய்து அதே போல்டரில் வையுங்கள். பின்னால் சண்டை போட வேண்டி வந்தால் உதவும்.

பிறகு 36 மாதக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மாதத் தவணை எத்தனை நாள் தாமதம் என்பது இருக்கும். பூஜ்யம் இருந்தால் நல்லது. எஸ்டிடி என்று இருந்தால் பழைய டெலிபோன் பூத் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டாண்டர்ட் என்பதன் சுருக்கம் அது, அதுவும் நல்லதே. 30, 60 என்று எண்கள் இருந்தால் அத்தனை நாள் தாமதம்.

"செட்டில்ட்" என்ற சொல்லைப் பார்த்தால் கவனம். தமிழில் செட்டில் ஆகிவிட்டது என்றால் நல்ல செய்தி. இங்கே அப்படி அல்ல. மொத்தத்தையும் கட்டாமல் பேரம் பேசிக் குறைத்துக் கட்டினார் என்று அர்த்தம். வசூலுக்கு வருபவர் "பாதி கட்டுங்க, முடிச்சிடலாம்" என்றால், முடிந்தவரை முழுவதும் கட்டி "க்ளோஸ்ட்" என்று எழுதி வாங்கவே முயலுங்கள்.

தப்பு இருந்தால்?

அந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் செய்யும் வசதி உண்டு, பணம் கிடையாது. கடன் கொடுத்த வங்கிக்கும் ஒரு மெயில் அனுப்புங்கள். ஏனெனில் வங்கி உறுதி செய்யாமல் சிபில் தானாக எதையும் மாற்றாது. வங்கி 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். மொத்தமாக 30 நாளுக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்ட ஈடு. ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் அறிவித்து, 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதி இது. புகார் எண்ணையும் தேதியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 30 நாள் கழித்தும் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் முறையிடலாம். அதற்கும் கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

இதைத் தெரிந்துகொண்டால், "5,000 ரூபாய் கொடுங்க, சிபிலை ஏத்தித் தர்றோம்" என்பவரிடம் ஏமாற மாட்டீர்கள். தப்பான வரியை நீக்க அவர் செய்வதும் இதே இலவசப் புகார்தான். உண்மையான வரியை அவராலும் நீக்க முடியாது. போதாக்குறைக்கு உங்கள் ஆதாரும் பானும் ஓடிபியும் அவர் கையில் போய்விடும்.

இது நியாயமா?

என்னிடம் ஒரு வருத்தமும் இருக்கிறது. அந்தக் கட்டங்களில் எண் மட்டும்தான் இருக்கிறது; காரணம் இல்லை. மறந்துபோன என் இரண்டு மாதமும், காண்ட்ராக்டர் சம்பளத்தை இழுத்தடித்ததால் தவறிய ஒரு தொழிலாளியின் இரண்டு மாதமும் பைலில் ஒன்றுபோலவே தெரியும். எனக்கு அது பாடம். அவருக்கு அது அநியாயம்.

காரணத்தைக் கணக்கில் எடுக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. 2020ல் கொரோனா ஊரடங்கின்போது, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்தச் சலுகையைப் பெற்றவர்களின் கடன் வரலாறு அதனால் பாதிக்கப்படக் கூடாது என்றும் சொன்னது. நாடு முழுவதற்கும் செய்ய முடிந்ததில் ஒரு பகுதியைத் தனி மனிதருக்கும் செய்யலாம்.

பெரிய மாற்றம் வரும்வரை எளிதான ஒன்றைச் செய்யலாம். 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். அப்படியிருக்க, தொழிலாளர் ஊரில் 2ஆம் தேதியும் 5ஆம் தேதியும் தவணை வைப்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது? கடன் கொடுக்கும் முன் "உங்களுக்கு எப்போது சம்பளம்?" என்று கேட்டு, 10ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வைத்தால் இந்தப் பகுதியில் எத்தனையோ பவுன்ஸ்களைத் தவிர்க்கலாம். கடையில் கையெழுத்துப் போடும் முன் நீங்களே கேளுங்கள். தேதியை மாற்ற மாட்டோம் என்றால், ஒரு தவணைக்கான பணத்தை எப்போதும் அந்தக் கணக்கில் கூடுதலாக வைத்திருங்கள்.

இன்னொரு வருத்தம், எனக்கு வந்த ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். தமிழ் நன்றாகப் படிக்கும் என் அப்பாவுக்கு, அவரைப் பற்றிய பைலை நான் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. தன்னைப் பற்றி எழுதியிருப்பதைத் தன் மொழியில் படிக்கும் வசதி எல்லோருக்கும் வேண்டும்.

மற்றபடி ஸ்கோர் உயர ரகசிய வழி எதுவும் இல்லை. தேதி தவறாமல் கட்டுங்கள். கிரெடிட் கார்ட் இருந்தால் லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவு செய்வது நல்லது என்பார்கள். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டே போனால் வட்டி உங்களை விழுங்கிவிடும். கம்பெனி மாறினால் பழைய கணக்கில் என்னென்ன தவணை பிடிக்கிறார்கள் என்று பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். சிம் மாற்றினால் அன்றே வங்கிக்குத் தெரிவியுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள காலண்டரைத் திறந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என 4 மாதங்களில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, நினைவூட்டல் வைத்திடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நிறுவனத்தின் இலவச ரிப்போர்ட். அரை மணி நேரம் போதும். அப்பா, அம்மா, மனைவி பெயரிலும் கடன் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து அவர்களுடையதையும் எடுத்துப் படித்துக் காட்டுங்கள். வசூலுக்கு ஆள் வந்து சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்ற நிலை வேண்டாம்.